குருவி பார்க்கப் போன மருமகன்

எண்பதுகள் தொடங்கியிருந்த காலம். மாசி மாதம், எங்கள் பக்கம் வேளாண்மை வெட்டு என்கிற நெல் அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. கிழக்கிலங்கையில், எங்கள் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வரவேண்டும். கல்முனையில் பிறந்து வளர்ந்த நான் அப்படித்தான் அட்டாளைச்சேனைக்கு வந்து சேர்ந்தேன். வேலை மட்டும் கல்முனையிலேயே இருந்தது. ஒரு கந்தோரில் படவரைஞர். வாரம் முழுக்க வாய்க்கால்களையும் மதகுகளையும் காகிதத்தில் கீறிவிட்டு, சனிக்கிழமை வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு களப்பு என்று நாங்கள் சொல்லும் காயலுக்கு ஓடிவிடுவேன்.

பறவை பார்ப்பது எனக்குப் பைத்தியம். இன்று இயற்கைப் பூங்கா என்று பலகை நட்டு, நடக்க ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒரு பாதை என்றெல்லாம் போட்டுவைத்தால் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்கள். அன்று அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டவர்கூட ஊரில் கிடையாது. பொழுதுபோகாத ஆள் என்றுதான் என்னை நினைத்திருப்பார்கள். சவூதியில் வேலை செய்த என் காக்கா, அதாவது அண்ணன், என்ன வேண்டும் என்று கடிதத்தில் கேட்டபோது, மற்றவர்களைப்போல ரேடியோ கேட்காமல் தூரக்கண்ணாடி கேட்டு எழுதினேன். காக்காவும் நல்ல பெரிதாகவே வாங்கி அனுப்பியிருந்தார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் எனக்கு ஒரு நடை வந்துவிடும். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்படுவேன். ஊரைத் தாண்டினால் வயல் வரம்பு. அதில் கொஞ்சத் தூரம் சைக்கிளில், பிறகு மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கடைசியில் சதுப்பில் வளரும் கண்ணா மரங்களுக்கு நடுவே கால்நடையாக. மரங்கள் முடிகிற இடத்தில் களப்பு விரிந்து கிடக்கும். மாரி மழை ஓய்ந்து தண்ணீர் வற்றத் தொடங்கிய அந்த நாட்களில் சேறு வெளியே தெரியும். அந்தச் சேற்றில்தான் உள்ளான்கள் இறங்கும். ஒரு பிடிக்குள் அடங்குகிற சின்னப் பறவைகள். ஆயிரக்கணக்கில் நின்று ஓயாமல் கொத்திக்கொண்டிருக்கும். அவற்றுக்கு அப்பால் கூழைக்கடா, நாரை, அகப்பை போன்ற அலகை இடமும் வலமும் ஆட்டியபடி நடக்கும் கரண்டிவாயன். உள்ளான் கூட்டம் திடீரென்று எழும்பி, ஆகாயத்தில் ஒரே உடம்பாகத் திரும்பும்போது வெள்ளையாக மின்னும். அதைப் பார்த்துவிட்டால் அந்த வாரம் முழுக்க எனக்கு எந்த மேலதிகாரி மீதும் கோபம் வராது.

இனி என் மாமியைப் பற்றிச் சொல்லவேண்டும். மார்க்கப்படி மாமிக்கும் மருமகனுக்கும் நடுவே திரை தேவையில்லை. ஆனால் எங்கள் பக்கத்து வழக்கம் வேறாக இருந்தது. மாமி மருமகன் முன்னால் வரமாட்டார், நேருக்கு நேர் கதைக்கமாட்டார். மரியாதையும் வெட்கமும் கலந்த ஒரு பழக்கம். நான்கு மாதத்தில் என் மாமியின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. குசினி வாசலில் ஒரு திரைச்சீலை தொங்கும். அதன் கீழே தெரிகிற இரண்டு பாதங்கள்தான் எனக்கு மாமி.

அதற்காக எங்களுக்குள் பேச்சே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மனைவி பக்கத்தில் இருந்தால் அவள் மூலமாகப் பேச்சு நடக்கும். அவள் இல்லாத நேரத்தில் மாமி பூனையிடம் சொல்வார். வீட்டில் ஒரு சாம்பல் பூனை இருந்தது. மருமகன் களைத்துப்போய் வந்திருக்கிறார், தேத்தண்ணி மேசையில் இருக்கிறது என்று அதனிடம் செய்தி சொல்லப்படும். நான் போய்த் தேத்தண்ணியைக் குடித்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் நானும் பழகிவிட்டேன். சீனி போதும் என்று பூனையைப் பார்த்தே சொல்வேன். அது இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமைகளில் மட்டும் அந்த வீட்டில் எனக்கு விளங்காத இரண்டு காரியங்கள் நடந்தன. நான் களப்பிலிருந்து திரும்பும்போது குசினியில் மசாலை அரைத்த வாசம் வரும். ஆனால் பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவசரமாகப் பொரித்த முட்டையோ கருவாடோதான் இருக்கும், அதுவும் பிந்தித்தான் வரும். மற்ற நாட்களில் அப்படி இல்லை, மாமியின் கைப்பக்குவம் ஊரறிந்தது. இன்னொன்று, நான் சைக்கிளை நிறுத்தும்போது திரைக்குப் பின்னாலிருந்து மாமி பூனையிடம் சொல்வது காதில் விழும்.

“இண்டைக்கும் ஒண்டும் ஆம்பிடல்ல போல. பாவம்.”

பூனைக்கு எலி அகப்படவில்லை என்று கவலைப்படுகிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மாமாவும் அவ்வப்போது ஏதோ சொல்வார். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் சரிவராது, கிட்டப் போகவேண்டும் என்பார். கிட்டப் போனால் பறந்துவிடும் மாமா, அதனால்தான் கண்ணாடி வைத்திருக்கிறேன் என்பேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுப் போய்விடுவார். தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேர் என்னைக் கண்டு சிரித்ததும் உண்டு. புது மாப்பிள்ளை என்றால் நாலு பேர் சிரிப்பதுதானே என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான் காலை எட்டரை மணிக்கே திரும்பிவிட்டேன். என் உம்மாவும் வாப்பாவும் பகல் சாப்பாட்டுக்குக் கல்முனையிலிருந்து வருவதாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்தி வீட்டுக்கு அவர்கள் வருவது அதுதான் முதல் தடவை. மாமி இரண்டு நாளாக வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். மனைவி, ராத்தா என்று கூப்பிடும் தன் அக்காவின் வீட்டில் பீங்கான் கோப்பை இரவல் வாங்கப் போயிருந்தாள். மாமா வட்டையில் இருந்தார். வட்டை என்றால் எங்கள் பேச்சில் வயல்வெளி. ஆக, வீட்டில் நானும் திரைக்குப் பின்னால் மாமியும் நடுவில் பூனையும்தான்.

குசினி வாசலுக்கு நேரே பின்வளவில் ஒரு பெரிய ஓலைக் கூடை இருந்தது. பூனை அதைச் சுற்றிச்சுற்றி வந்தது. கூடைக்குள் ஏதோ அசைந்தது. பக்கத்தில் ஒரு பலகை, பலகைமேல் தீட்டிய கத்தி, ஒரு செம்புத் தண்ணீர்.

மாமி பூனையிடம் ஆரம்பித்தார். அன்றைக்குப் பூனைக்குச் சொல்லவேண்டிய செய்தி நீளமாக இருந்தது. மருமகனுக்கு உள்ளான் இறைச்சியில் எவ்வளவு ஆசை இருந்தால் நாலு மாதமாக, சனிக்கிழமை தவறாமல், நித்திரையையும் விட்டுக் களப்புக்கு அலைவார். போன நேரமெல்லாம் வெறுங்கையோடு வருகிறார். ஒவ்வொரு வாரமும் மசாலை அரைத்து வைத்துக் காத்திருந்து அலுத்துவிட்டது. இதைப் பார்த்து மனம் பொறுக்காமல், மாமா வலை போடுகிற ஒருவரிடம் சொல்லி வைத்து, விடியற்காலையில் உயிரோடு எடுப்பித்திருக்கிறார். உம்மாவும் வாப்பாவும் வருகிற நேரத்தில் மருமகன் ஆசைப்பட்டதைச் சமைத்து வைத்தால் அவர்கள் மனமும் குளிரும். மாமா வெட்டு வயலைவிட்டு வரமுடியாது, ஆகவே மருமகனே அறுத்துத் தந்துவிட்டால் அடுப்பில் ஏற்றிவிடலாம்.

குருவி பார்க்கப் போகிறார் என்று என் மனைவி வீட்டில் சொல்லியிருந்தாள். அவள்மீது குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நான் சொன்னதைத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் ஊரில் ஒருவர் மீன் பார்க்கப் போகிறேன் என்றால் பையோடு மீன் வாங்கப் போகிறார் என்று அர்த்தம். மாடு பார்க்கப் போனால் மாட்டோடு வருவார். பெண் பார்க்கப் போனவர்கூட ஒரு முடிவோடுதான் திரும்புவார். சும்மா பார்த்துவிட்டுச் சும்மா திரும்புவதற்காக ஒருவன் விடியற்காலையில் எழும்புவான் என்று யார்தான் நினைப்பார்கள்? முட்டைப் பொரியலின் ரகசியம் எனக்கு அப்போதுதான் வெளித்தது.

கூடையைத் திறந்தேன். இருபதுக்கு மேல் இருக்கும். நாலு நாலாகச் சேர்த்து வாழைநாரால் காலைக் கட்டியிருந்தார்கள். எங்கள் மார்க்கப்படி உயிரோடு அறுத்துத்தான் சாப்பிடவேண்டும் என்பதால் வலைக்காரர் ஒன்றையும் சாகவிடாமல் கொண்டுவந்திருந்தார். வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒன்றாகச் சிறகடித்து, பிறகு ஓய்ந்து, என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தன. அன்று காலையில்தான் இதே இனப் பறவைகளை எண்ணி, நோட்டுப் புத்தகத்தில் குறித்துவிட்டு வந்திருந்தேன்.

இன்னொரு உண்மையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அதுவரை ஒரு கோழியைக்கூட அறுத்தது கிடையாது. எங்கள் வீட்டில் வாப்பாவோ காக்காவோ பார்த்துக்கொள்வார்கள். நான் அந்த நேரம் பார்த்து வேறு எங்கேயாவது போய்விடுவேன். கல்யாணம் முடித்த ஓர் ஆண்பிள்ளை இதை வெளியே சொல்லமுடியுமா? அறுக்கமாட்டேன் என்றால் மாமா ஆசையாகச் செய்த காரியம் பாழாகும். சம்பந்திகள் வருகிற நாளில் மாமியின் முகத்தில் அடித்ததுபோல ஆகும். அறுத்தால் இந்த உயிர்கள் போகும், அதற்குப் பிறகு எந்த முகத்தோடு களப்புக்குப் போவேன்? இந்தப் பறவைகள் எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றன, எத்தனை கடல் தாண்டுகின்றன என்று மாமிக்கு ஒரு பிரசங்கம் செய்யலாமா என்றும் யோசித்தேன். திரையைப் பார்த்து எப்படிப் பிரசங்கம் செய்வது? பூனையைப் பார்த்தால் அது நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

கடைசியில் கத்தியைக் கையில் எடுத்துவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. ஒரு கட்டு வெளியே எடுத்து, வாழைநாரைத் தளர்த்தி, ஒரு பறவையை இடது கையில் பிடித்தேன். அதன் நெஞ்சு என் விரல்களுக்குள் துடித்தது. அறுக்குமுன் சொல்லவேண்டிய பிஸ்மியைச் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கத்தி பிடித்த கை நடுங்கியது. அப்போதுதான் அதன் காலில் ஏதோ மின்னியது.

ஒரு வளையம். மெல்லிய உலோகத்தில், அரிசியைவிடச் சின்ன எழுத்தில் ஓர் இலக்கமும் இந்தியாவில் ஒரு நகரத்தின் பெயரும் இருந்தன. பறவைகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று அறிய இப்படி வளையம் போட்டு விடுவார்கள் என்று வாசித்திருக்கிறேன். ஒன்றைக் கண்ணால் காண்பது அதுதான் முதல் தடவை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வெயிலுக்கு நேரே காலைப் பிடித்து இலக்கத்தை வாசித்தேன். எவ்வளவு பெரிய இக்கட்டில் இருக்கிறேன் என்பதுகூட ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

காலில் என்ன அது என்று திரைக்குப் பின்னாலிருந்து பூனையிடம் கேள்வி வந்தது. காலில் காப்புப் போட்டிருக்கிறது, இந்தியாவில் யாரோ போட்டு விட்டிருக்கிறார்கள் என்று நானும் பூனையிடமே சொன்னேன்.

பிறகு திரைச்சீலை விலகியது. மாமி வெளியே வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளமான, வட்ட முகமான ஒரு பெண்மணி. நெற்றியில் வியர்வை, கையில் மஞ்சள். நாலு மாதத்தில் முதல் தடவையாக என்னோடு நேராகக் கதைத்தார்.

“விடுங்க மகன். காப்புப் போட்டிரிக்கெண்டா அது ஆருக்கோ சொந்தமான உருப்படி. அடுத்தவன்ட உருப்படிய அறுக்க ஏலா.”

இது ஒன்றுக்குத்தானே காப்பு, மற்றவற்றுக்கு இல்லையே என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொன்னது. படவரைஞர் புத்தி, கணக்குச் சரியாக வரவேண்டும். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமி கூடைக்குள் குனிந்து பார்த்தார். ஒருவனின் ஆட்டோடு நாலு ஆடு சேர்ந்து வந்தால் அந்த நாலும் அவனுடையதாகத்தான் இருக்கும், ஒன்றாக வந்ததில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதைத் தின்ன முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வளையம் உடைமைக்காகப் போடுவதல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லி மாமியின் தப்பைத் திருத்துவதுதான் நேர்மை. சொன்னால் கத்தி மறுபடியும் என் கைக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். ஓம் மாமி என்று மட்டும் சொன்னேன். நானும் முதல் தடவையாக அவரிடம் நேராகச் சொன்ன வார்த்தை அது.

அதற்குப் பிறகு மாமியின் வேகத்தைப் பார்க்கவேண்டும். வேலிக்கு மேலாகப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு இரண்டு கோழியை அறுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, வாங்க மகன் போவோம், அடுத்தவர் நம்பி விட்ட அமானிதப் பொருளைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் விட்டுவிட்டு வருவோம் என்று வாசலில் இறங்கிவிட்டார்.

நாங்கள் போன ஊர்வலத்தை ஊர் பல நாள் சொல்லிச் சிரித்தது. முன்னால் குடையோடு மாமி. பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நான். கரியரில் துணி போட்டு மூடிய கூடை. அதற்குப் பின்னால், தன் சாப்பாடு எங்கே போகிறது என்று விளங்காமல், தெரு முனைவரைக்கும் பூனை. மாமியும் மருமகனும் பட்டப்பகலில் சேர்ந்து நடப்பதைக் கண்டு, தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி நின்றார்கள். மாமி ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வயல் வரம்பில் போகும்போது நான் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். எனக்கு உள்ளான் இறைச்சியில் ஆசை இல்லை, தின்று பார்த்ததுகூட இல்லை, களப்புக்குப் போவது வெறுமனே பார்ப்பதற்குத்தான் என்றேன். மாமி நின்றார். குடையைச் சாய்த்து என்னைப் பார்த்தார்.

“பார்க்கிறெண்டா, பார்க்கிற மட்டுந்தானா?”

ஓம் என்றேன். அதன் பிறகு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வரம்பில் குந்திவிட்டார். மசாலை அரைத்த சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாக விரல் மடித்து எண்ணி எண்ணிச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. வேளாண்மை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

களப்பின் ஓரத்தில் கூடையை இறக்கி ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தோம். எங்கள் சிரிப்பு அங்கே நின்றுபோயிற்று. பறவைகள் எழும்பவில்லை. கால் மரத்துப்போய்ச் சேற்றில் சரிந்து கிடந்தன. ஒன்று எழும்பப் பார்த்து முகம் குப்புற விழுந்தது. இவ்வளவு செய்தும் இங்கே கிடந்து சாகப்போகின்றனவா, அறுத்திருந்தால்கூட ஒரு நொடியில் முடிந்திருக்குமே என்று நினைத்தேன். மாமி சீலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஒன்றை எடுத்து, அதன் கால்களைப் பெருவிரலால் மெதுவாக நீவிவிட்டார். தண்ணீரைத் தொட்டு அலகில் வைத்தார். பிறந்த பிள்ளைக்குக் கால் நீவுவதுபோலத்தான் இதுவும் என்றார். நானும் பக்கத்தில் குந்தி அவரைப் பார்த்து அதேபோலச் செய்தேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது, உச்சி வெயில் முதுகைச் சுட்டது.

முதலில் ஒன்று நாலு அடி ஓடியது. நின்று சேற்றில் கொத்தியது. பயந்து நடுங்கிக்கொண்டிருந்த குருவி முதல் வேலையாகச் சாப்பாடு தேடுகிறதே என்று மாமிக்குப் பெரிய சந்தோஷம். பிறகு இன்னொன்று. பிறகு நாலைந்து சேர்ந்து. கடைசியாகக் காப்புப் போட்டது மாமியின் கையில் இருந்தது. அவர் அதை உள்ளங்கையில் வைத்து, பிஸ்மில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லி, கையை விரித்தார். நான் கத்தியோடு நின்றபோது என் வாயில் வராத வார்த்தை அது. அது விர்ரென்று எழும்பியது. அது எழும்பியதும் மற்றதெல்லாம் எழும்பின, அப்பால் நின்ற பெருங்கூட்டமும் எழும்பி, எல்லாம் ஒன்றாகி, வெயிலில் வெள்ளையாகத் திரும்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன் என்றே சொல்கிறேன்.

கழுத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். மாமி முதலில் தலைமாறிப் பிடித்துவிட்டு, உள்ளதும் இல்லாமல் போய்விட்டதே என்றார். சரியாகத் திருப்பிக் கொடுத்ததும் வெகுநேரம் பார்த்தார். கூழைக்கடாவைப் பார்த்தார், நாரையைப் பார்த்தார். கரண்டிவாயனைக் கண்டதும் சோற்றை அள்ளவா இவர் அகப்பையோடு வந்திருக்கிறார் என்று கேட்டார். இத்தனை பேர் நம் ஊருக்கு விருந்துக்கு வந்திருப்பது இதுவரை தெரியாமல் போயிற்றே என்று ஆதங்கப்பட்டார். நேரமாகிறது, உம்மாவும் வாப்பாவும் வந்துவிடுவார்கள் என்று நான்தான் மூன்று தடவை நினைவூட்டவேண்டியிருந்தது.

நினைத்தபடியே அவர்கள் எங்களுக்கு முன்பே வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால்வரை சேறோடு சம்பந்தி அம்மாவும் தன் மகனும் சேர்ந்து வாசலில் ஏறுவதைக் கண்டு என் உம்மா திகைத்துப்போனார். கதை முழுவதையும் கேட்டபிறகு, சிறு வயதில் கலண்டரில் இருந்த சேவல் படத்தைக்கூட வெட்டக்கூடாது என்று அழுத பிள்ளை இது என்று என் மானத்தை வாங்கப் பார்த்தார். மாமி, சாப்பிட வாங்க என்று பேச்சை மாற்றிவிட்டார். கோழிக் கறி அபாரம். வட்டையிலிருந்து வந்த மாமாவிடம் காப்பு விவரம் சொல்லப்பட்டது. அப்படியென்றால் விட்டதுதான் சரி என்று அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து பூனைக்குத் தூது போகிற வேலை இல்லாமல் போயிற்று.

உடைமைக்காரருக்குத் தகவல் சொல்லவேண்டும் என்று மாமி விடாமல் சொன்னதால், வளையத்திலிருந்த இலக்கத்தை எழுதி இந்தியாவுக்குக் கடிதம் போட்டேன். நாலைந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. பறவைகளை ஆராய்கிறவர்கள், தமிழ்நாட்டுக் கரையில் ஓர் உப்பளத்தின் ஓரத்தில் அந்த வளையத்தைப் போட்டார்களாம். அது முட்டையிடுவது வடக்கே, பனி உறைந்த நாட்டில். உயிரோடு விட்டதற்கு எங்களுக்கு நன்றி எழுதியிருந்தார்கள். மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உடைமைக்காரர் என்ன எழுதியிருக்கிறார் மகன் என்று கேட்டார்.

மாதக்கணக்காக என் மனதில் முள்ளாகக் கிடந்ததை அப்போது சொல்லிவிட்டேன். உடைமைக்காரர் என்று ஒருவரும் இல்லை மாமி, அது வெறும் அடையாளம், அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்தும் சொல்லாமல் உங்களை ஏமாற்றிவிட்டேன் என்றேன். மாமி சுளகைக் கீழே வைக்கவில்லை. புடைத்தபடியே சொன்னார்:

“எனக்கும் தெரியும் மகன். வானத்தில போற குருவிக்கு ஆரு சொந்தக்காரன்? ஒங்கட கை நடுங்கினதத் திரைக்குள்ளால பார்த்தன். ஒங்களால ஏலா எண்டு நான் சொன்னா ஒங்களுக்கு வெக்கம், ஆசையா எடுப்பிச்ச அவருக்கும் வெக்கம். காப்பு ஒண்டு ஆம்பிட்டிச்சி, அதப் பிடிச்சிக்கிட்டன்.”

கோழி அறுக்க என்னை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் உம்மாவின் பேச்சை அன்று பாதியில் மறித்ததும் அதனால்தான். நான் அவரை ஏமாற்றியதாக நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன். அவரோ நாலு பேர் முன்னால் என் தலை குனியாமல் காப்பாற்றிவிட்டு, அதை என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

மாமி மௌத்தாகி, எங்களை விட்டுப் போய்ப் பல வருஷமாகிவிட்டது. எனக்கும் மருமக்கள் வந்துவிட்டார்கள், அவர்களிடமும் குறைகள் கண்ணில் படத்தான் செய்கின்றன. அப்படி ஒன்று தென்படும்போதெல்லாம், அதைச் சொல்லிக்காட்ட வாய் திறக்கும் முன்பு, அவர்கள் வெட்கப்படாமல் விலகிப்போக ஏதாவது ஒரு வழி கிடைக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன்.